சவரக்கத்திக்கு ஒரு கல்: காரோடன் முதல் கார்பொரண்டம் வரை

அகநானூற்றை வகுப்பில் பாடமாகத் தொடங்கும் எவருக்கும் முதல் பாட்டிலேயே ஒரு கல் காலை இடறும். கடவுள் வாழ்த்தை அடுத்து நிற்கும் மாமூலனாரின் பாலைப் பாட்டு அது. பிரிந்து சென்ற தலைவனைக் குறித்துத் தலைவி தோழியிடம் பேசுகிறாள். 'பிரியமாட்டோம்' என்று அவன் முன்பு சொன்ன சொல்லை நினைவுகூர்கிறாள். அச்சொல்லின் உறுதிக்கு உவமையாக வருவது, பொதினியில் இளங்காரோடன் ஒருவன் பயினைக் கொண்டு சேர்த்து வைத்த கல். பொதினி என்பது இன்றைய பழனி. காரோடன் என்பதற்குச் சாணைக்கல் செய்பவன் என்றும், பயின் என்பதற்கு அரக்கு என்றும் உரை மரபு பொருள் கூறும். இந்நூலுக்கு உரை கண்ட இருவருள் ஒருவரான ந.மு. வேங்கடசாமி நாட்டார் நம் திருச்சிராப்பள்ளிக் கல்லூரியொன்றில் இருபதாண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர் என்பதைச் சொல்லி, 'அரக்கால் ஒட்டிய கல்லைப் போலப் பிரியாதிருப்போம் என்பது கருத்து' என்று முடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவது நம் வழக்கமாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார். "ஐயா, அரக்கை வச்சு ஒட்டுன வளையல் எல்லாம் வெயில்ல வச்சா விட்டுப்போயிடுது. கல்லு மட்டும் எப்படி ஒட்டியிருக்கும்? அதோட, சாணைக்கல்லை எதுக்கு ஒட்டணும்? அது ஒரே கல்லுதானே?"

நம்மிடம் விடை இல்லை. உரைநூல்களைப் புரட்டினோம். காரோடன் யார் என்பது அங்கே இருந்தது. அவன் என்ன செய்தான் என்பது இல்லை. நூலில் கிடைக்காத அந்த விடையைத் தெருவில் தேட வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு காரணமும் தானாக வந்து வாய்த்தது. வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. மடித்து வைக்கும் பிடியுடையது. ஜெர்மனியின் ஜோலிங்கன் நகர முத்திரை பொறித்தது. துரு ஏறாதது, ஆனால் மயிரை அறுக்காதது. அதற்குக் குறைந்த செலவில் ஒரு கல் வாங்குவது என்று இறங்கிய சிறு வேலைதான் நம்மைக் காரோடனின் பட்டறை வரை இழுத்துச் சென்றது.

*

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடலாம். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், இருபுறமும் இருவேறு கரடு கொண்ட கார்பொரண்டம் கல் ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினோம். அரிவாள்மனையும் காய்கறிக் கத்தியும் அதில் நன்றாகவே கூர் ஏறின. அந்தத் துணிவில் சவரக்கத்தியையும் அதன்மேல் இழுத்தோம். ஐந்து நிமிடத்தில் கத்தியின் வாய் ரம்பம்போல் ஆகிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே பற்கள் தெரிந்தன.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் சைக்கிளில் சாணைச் சக்கரம் பூட்டி வரும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தோம். கையில் வாங்கி, கட்டைவிரலால் குறுக்கே தடவிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சவரக்கத்தியை இந்தச் சக்கரத்துல வைக்கக்கூடாதுங்க. வாய் மெல்லிசு. சூடு ஏறுச்சுன்னா இரும்பு செத்துப்போயிடும். அதுக்குக் கல்லு வேற."

இரும்பு செத்துப்போகும் என்று அவர் சொன்னது அறிவியற்படி சரியானது. காய்ச்சித் தோய்த்து வன்மையேற்றிய எஃகு, மீண்டும் ஓரளவுக்கு மேல் சூடேறினால் அந்த வன்மையை இழந்துவிடும். அரிவாளுக்குத் தடித்த உடல் உண்டு. சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். சவரக்கத்தியோ இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டு விளிம்பில் தாளைப்போல் மெலிந்திருப்பது. சுழலும் சக்கரத்தில் ஒரு கணம் அழுந்தினாலும் அதன் விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். ஆகவேதான் அதற்கு அசையாத கல், நீர், மெதுவான கை மூன்றும் வேண்டும்.

"அந்தக் காலத்துல இந்தச் சக்கரமே எங்க தாத்தா கையால செய்வாருங்க. குருந்தக்கல்லை இடிச்சுச் சலிச்சு, அரக்கை உருக்கி அதுல கலந்து வார்ப்பாரு. அதையும் அழுத்திப் பிடிச்சா அரக்கு இளகிடும். தண்ணி விட்டு விட்டுத்தான் பிடிக்கணும்."

நூலகத்தில் கிடைக்காத உரை சித்திரை வீதியில் கிடைத்தது. காரோடன் இரு கற்களை ஒட்டவில்லை. ஒரு கல்லைப் பொடியாக்கி, அப்பொடியின் ஆயிரமாயிரம் துகள்களை அரக்கால் பிணைத்து, முன் இல்லாத வேறொரு கல்லைச் செய்தான். இவ்வாறு பார்த்தால் மாமூலனாரின் உவமை வெறும் ஒட்டுதலைக் குறிப்பதாகத் தோன்றவில்லை. தலைவனும் தலைவியும் அருகருகே வைத்து ஒட்டிய இரண்டு பொருள்கள் அல்லர். உடைந்து, கலந்து, ஒன்றாக வார்க்கப்பட்டவர்கள்.

*

சவரக்கத்திக்குத் தனிக் கல் வேண்டும் என்ற அறிவு மிகப் பழையது. பௌத்த விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில், துறவியர் வைத்துக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்த பொருள்களின் வரிசையில் சவரக்கத்தி, சவரக்கத்திக்குரிய கல், கத்தி உறை, அதைச் சுற்றி வைக்கும் கம்பளத் துணி ஆகியவை வருகின்றன. கல்லைப் பாலி மொழி 'குரசிலா' என்று தனிப்பெயரிட்டே அழைக்கிறது. 'குர' என்பது சவரக்கத்தி. 'சிலா' என்பது கல். நம் 'சவரம்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வடமொழி வழியாக வந்ததே. அந்த விநயத்தை முதல் சங்கத்தில் ஓதி ஒப்புவித்தவராக மரபு கூறும் உபாலி, துறவுக்கு முன் சாக்கியர்களின் நாவிதர். பிற்காலத்தில் விநய விதிகளைச் செய்யுளில் சுருக்கி 'விநயவிநிச்சயம்' என்ற பாலி நூலை இயற்றிய புத்ததத்தரோ உறையூர்க்காரர். திருச்சியின் ஒரு பகுதியாக இன்று கலந்துவிட்ட அதே உறையூர்தான்.

மேற்கே ரோமாபுரியில், கி.பி. 79-இல் இறந்த மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 36-ஆம் பகுதியில் தீட்டுக்கற்களை வகைப்படுத்துகிறார். எண்ணெய் விட்டுத் தீட்டுபவை, நீர் விட்டுத் தீட்டுபவை, இரண்டுக்கும் ஒத்துவருபவை என்று பிரித்து, கிரீட், நாக்சோஸ் முதலிய இடங்களின் கற்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒரு வகையைக் காட்டுகிறார். அவை நாவிதர் கடைகளில் எச்சில் தொட்டுத் தீட்டப்படுபவை. மென்மையானவை, எளிதில் உடைபவை. ஸ்பெயினிலிருந்து வருபவை அவற்றுள் சிறந்தவை. முசிறித் துறைமுகத்தையும் பாண்டியனின் மதுரையையும் அறிந்திருந்த அதே பிளினிதான் இவர். வாளுக்கும் உளிக்கும் உதவாத மென்கல்லே சவரக்கத்திக்குத் தோழன் என்பது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய நாவிதருக்குத் தெரிந்திருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் நின்ற நமக்குத் தெரியவில்லை.

நம் பழம்பாடல்களில் கூர்மைக்குக் குறைவில்லை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி அழகாக இருப்பதையும், தம் மன்னனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிட்ட புறநானூற்றுப் பாட்டு அனைவரும் அறிந்தது. வள்ளுவர் 'அரம்' என்ற கருவியை மூன்று குறள்களில் உவமையாக்கினார். கொடுங்கோல் மன்னனின் வலிமையைத் தேய்ப்பதும், உட்பகை குடியைத் தேய்ப்பதும், மக்கட்பண்பு இல்லாதவரின் வெற்று அறிவுக்கூர்மையும் அரத்தைக் கொண்டே சொல்லப்படுகின்றன. தலைமழித்தல் பற்றியும், அது துறவுக்கு வேண்டுவதில்லை என்று கூறும் 280-ஆம் குறள் உண்டு. கொல்லனுக்கும் அரத்துக்கும் மழித்தலுக்கும் இலக்கியத்தில் இடம் இருக்கிறது. கூர்மையைத் தந்த கல்லுக்கும் அதைச் செய்தவனுக்கும் இடம் மிகக் குறைவு. அதனாலேயே மாமூலனார் ஒரே ஓர் அடியில் கொண்டுவந்து நிறுத்திய அந்த இளங்காரோடன் நமக்கு விலைமதிப்பற்றவன் ஆகிறான்.

*

அவன் இடித்த கல் எது? சித்திரை வீதி முதியவர் சொன்ன குருந்தமே தென்னிந்தியச் சாணைத் தொழிலின் உயிர். மாணிக்கமும் நீலமணியும் வேதியியலில் இதே குருந்தம்தான். நிறமும் ஒளியும் வாய்த்தால் மணி, வாய்க்காவிட்டால் சாணை. வடமொழி மணிநூல்கள் 'குருவிந்தம்' என்று இதையே மாணிக்க வகைகளுள் ஒன்றாக வைத்தன. மோ அளவுகோலில் வைரத்தின் கடினம் 10 என்றால் குருந்தத்தின் கடினம் 9. எஃகு இதற்கு வெகுதூரம் கீழே நிற்கும்.

இக்கல் கிடைக்கும் இடங்களின் வரிசையைப் பார்த்தால் வியப்பு மேலிடும். காங்கேயத்தை அடுத்த சிவன்மலை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டி என்று பெரும்பாலும் கொங்கு நாட்டிலும் அதன் ஓரங்களிலும் இது கிடக்கிறது. சித்தம்பூண்டியின் பாறையைத்தான் சந்திரயான்-2 திட்டத்துக்கு நிலவின் மண்ணைப் போன்ற மாதிரி மண் செய்ய எடுத்துச் சென்றார்கள். சிவன்மலைக்கு அதிகத் தொலைவில்லாத நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களும் கிடைத்தன. பதிற்றுப்பத்துப் பாடும் கொடுமணம் இதுவே என்பர். கொடுமணலில் எஃகு, சிவன்மலையில் குருந்தம், பொதினியில் காரோடன். இவை யாவும் கிழக்கே கரூர் வழியாகக் காவிரியை ஒட்டி உறையூருக்கு வந்து சேரும் பழைய வணிகப் பாதைக்கு எட்டிய தொலைவில்தான் உள்ளன. மாமூலனார் பொதினியைச் சொன்னது ஓசைக்காக மட்டும் அன்று என்று நினைக்க இடமுண்டு.

இந்த எஃகும் இந்தக் கல்லும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் லண்டனுக்குக் கப்பலேறின. தென்னிந்திய உருக்கை 'வூட்ஸ்' என்ற பெயரில் ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டியில் ஆராய்ந்து எழுதினார். லண்டனில் அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த உருக்கின் தரத்தில் மயங்கினார். பின்னர் மின்னியலின் தந்தை எனப் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே அவரோடு சேர்ந்து, அத்தகைய எஃகைச் செய்து பார்க்கும் சோதனைகளின் முடிவுகளை 1820-இலும் 1822-இலும் வெளியிட்டார். அந்தக் கலப்பு எஃகில் செய்த சவரக்கத்திகளைப் பாரடே தம் நண்பர்களுக்குப் பரிசளித்ததுண்டு. குருந்தத்தைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798-இல் அதே ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 'கொரண்டம்' என்று தென்னிந்தியாவின் பெயரே உலகக் கனிமவியலில் நிலைத்துவிட்டது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1891-இல் எட்வர்டு அச்சிசன் மின் உலையில் களிமண்ணையும் கரியையும் காய்ச்சியபோது மின்னும் கரிய படிகங்கள் உண்டாயின. அவை கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணி 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அதில் குருந்தம் இல்லை. பிழையாக வைத்த பெயருக்குள் நம் சொல் மட்டும் தங்கிவிட்டது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. கொங்கு நாட்டுக் குருந்தம் லண்டன் சென்று, அமெரிக்காவில் வேற்றுப்பொருளின் மேல் ஏறி, கடைசியில் காந்தி மார்க்கெட் கடைக்காரர் வாயில் 'கார்பொரண்டம் கல்லு' என்று நூற்றைம்பது ரூபாய்க்கு நம்மிடமே திரும்பி வந்தது. அதே ஊரின் தெருவில் 'குருந்தக்கல்' என்று முதியவர் ஒருவர் மூலச்சொல்லை வைத்திருந்தார். இரண்டும் ஒரு சொல்தான் என்பது இருவருக்கும் தெரியாது. தமிழ் படித்த நமக்கும் அதுவரை தெரியாது.

*

கல்லின் கதை இது. அக்கல்லை வைத்துப் பிழைத்தவரின் கதை வேறு.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நியமித்த பணியாளரின் நீண்ட பட்டியலைக் கோயில் சுவரிலேயே பொறித்தான். அதில் நாவிதப் பணி செய்வாரும் இடம்பெற்றனர். அவர்களுக்கும் பங்கு வகுக்கப்பட்டது. பிற்காலத்துச் சிற்றூர்களில் நாவிதருக்குக் காசு கிடையாது. ஊராருக்கெல்லாம் ஆண்டு முழுதும் மழித்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நின்று அளந்து போடும் நெல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவரே ஊரின் கட்டி கீறுபவர், புண் ஆற்றுபவர். அவர் வீட்டுப் பெண்களே பேறு பார்க்கும் மருத்துவச்சிகள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பும் அவர்களின் மருத்துவத் தொழிலைக் குறிக்கிறது. 'மருத்துவர்' என்று அச்சமூகத்தார் தம்மை அழைத்துக்கொள்வது வரலாற்றுப் பொருத்தமுடையது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளுக்குப் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துத்தான் நாவிதர் வருவார். வருவது கொல்லைப்புற வழியாக. வீட்டுத் தலைவரின் கழுத்தருகே கத்தி வைக்கும் அளவுக்கு அவரை நம்பினார்கள். வாசற்படி வழியாக வர விடவில்லை. கணவனை இழந்த இளம்பெண்களின் தலையை மழித்ததும் அதே கத்திதான். 1890-இல் பம்பாயின் நாவிதர்கள், தொழிற்சங்க முன்னோடி நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கத்தியைத் தீட்டுபவர்க்கு அதை மடித்து வைக்கும் உரிமையும் உண்டு என்று காட்டிய நிகழ்ச்சி அது.

தெப்பக்குளம் பக்கம் முடிதிருத்தகம் வைத்திருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், நம் கத்தியைப் பார்க்க ஒப்புக்கொண்டார். தம் தந்தையின் 'அடைப்ப'த்தை எடுத்துவந்து விரித்தார். நாவிதரின் கருவிப் பைக்கு வழங்கும் இச்சொல்லை அகராதியில் பார்த்திருக்கிறோம். பொருளாகப் பார்த்தது அன்றுதான். கத்திகள் இரண்டு, கத்தரி, நகம் எடுக்கும் சிற்றுளி, காதுக் குறும்பி வாங்கும் கம்பி, தண்ணீர்க் கிண்ணி, ரசம் போன கண்ணாடி, தோல்வார். அடியில் துணி சுற்றிய ஒரு கல். உள்ளங்கையைவிடச் சிறியது, சாம்பல் நிறம், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் பட்டுப்போல் வழவழப்பு.

"ஐயா, இது எங்கே வாங்கினது?"

"தெரியாதுங்க. எங்க அப்பாவுக்கு அவங்க அப்பா கொடுத்தது. பெரிய கல்லு வாங்க எங்ககிட்ட ஏதுங்க காசு? ஒரு கல்லுதான். அதுல ஆகலைன்னா தோலு. தோலு இல்லைன்னா இது" என்று தம் இடது உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலின் அடிமேட்டில் தோல் காய்த்துப் பளபளத்தது. கத்தியை அதில் முன்னும் பின்னும் புரட்டித் தேய்த்துக் காட்டியபோது நாம்தான் பயந்தோம்.

குறைந்த செலவில் முதல் கல் எது என்ற நம் கேள்விக்கு அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பே விடை கண்டிருந்தது. ஒரே கல் வாங்க முடியும் என்றால் நுண்ணிய கல்லை வாங்கு. கரட்டுக் கல் தேவைப்படும் நிலைக்குக் கத்தியை விடாதே. நாள்தோறும் தோலில் இழு. இதில் தொழில்நுட்பமும் இருக்கிறது; வறுமையும் இருக்கிறது.

அந்தக் கல் அடைப்பத்தில் உறங்கத் தொடங்கிய காலத்தையும் அவர் சொன்னார். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் ஒருவருக்கு இட்ட கத்தி இன்னொருவருக்குக் கூடாது என்ற விழிப்பு பரவியது. பாதி பிளேடைச் செருகி, ஒருவருக்குப் பின் எறிந்துவிடும் பிடிகள் கடைகளை நிரப்பின. அம்மா மண்டபத்துப் படித்துறையிலும் சமயபுரத்து முடிகாணிக்கை மண்டபத்திலும் இன்று நாம் காண்பது அதைத்தான். நல்ல மாற்றம், உயிர் காக்கும் மாற்றம். 2021-இல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்து, அப்பணியாளருக்கு மாத ஊக்கத்தொகையும் வழங்கியது. ஆயினும் கல்லில் கத்தி இழுக்கத் தெரிந்த கைகள் ஊரில் எத்தனை மீதம் என்று விரல்விட்டுப் பார்த்தால், ஒரு கை விரல்களே நமக்கு மிஞ்சின.

*

கல் வாங்க எண்ணும் அன்பர்களுக்காக, அம்முதியவரிடம் கற்றதையும் பின்னர்ப் பழகித் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இக்காலக் கற்களின் நுண்மையை எண்ணால் குறிப்பார்கள். எண் ஏற ஏறத் துகள் சிறுக்கும். ஜப்பானிய அளவுமுறையில் 1000 எண் கல்லின் துகள் ஏறத்தாழ 14 மைக்ரான். 8000 எண் கல்லில் 2 மைக்ரானுக்கும் கீழ். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இருபுறக் கார்பொரண்டம் கல்லின் நுண்ணிய பக்கம்கூட 1000-ஐ எட்டுவதில்லை. அதை அடுக்களைக்கு விட்டுவிடலாம். கத்தியின் வாய் முன்பே ஒழுங்காக அமைந்திருந்தால் 4000, 8000 எண்கள் இருபுறமும் அமைந்த ஒரே நீர்க்கல் போதும். வாய் சிதைந்திருந்தால் மட்டுமே 1000 எண் கல் வேண்டும். அதையும் விலைக்கு வாங்காமல், அறிந்தவரிடம் ஒருமுறை கொடுத்து வாங்கிக்கொள்வது சிக்கனம். விலை குறைந்த சீன இயற்கைக் கற்களும் உண்டு. நுண்மையானவை, ஆனால் மிக மெதுவாகத் தேய்ப்பவை. பணம் குறைவாகவும் பொழுது நிறைவாகவும் இருப்பவர்க்கு ஏற்றவை.

கல் தட்டையாக இருப்பது அதன் எண்ணைவிட முக்கியம். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை விரித்து, நீர் விட்டுக் கல்லை அதில் தேய்த்துச் சமன்செய்து கொள்ளலாம். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியவேண்டும். முதுகே கோணத்தைக் காத்துக்கொள்ளும். வாய் முன்செல்ல இழுக்கவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். தோல்வாரில் மட்டும் முதுகு முன்செல்ல வேண்டும். இல்லையேல் தோல் அறுபடும். அழுத்தம் கூடாது. "கத்தியோட எடையே போதுங்க" என்று அவர் நம் மணிக்கட்டைத் தூக்கிவிட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜப்பானிய நீர்க்கல்லை வாங்கி வந்த அன்று அதன் பொருள் என்ன என்று தேடிப் பார்த்தோம். அத்தகைய செயற்கைக் கற்களில் பெரும்பாலானவை அலுமினியம் ஆக்சைடுப் பொடியை ஒரு பிணைப்பானில் சேர்த்துச் செய்தவை. அலுமினியம் ஆக்சைடு என்பது குருந்தமே. அரக்கின் இடத்தில் பிசினோ சுட்ட மண்ணோ வந்திருக்கிறது, அவ்வளவுதான். பொதினியில் இளங்காரோடன் செய்ததையே உலகம் இன்றும் செய்துகொண்டிருக்கிறது.

*

இனி அந்த மாணவரின் முதல் கேள்விக்கு வரலாம். அரக்கு சூட்டில் விட்டுவிடுமே?

விட்டுவிடும். ஏறத்தாழ 75 பாகை செல்சியசில் அரக்கு உருகும். அரக்குச் சக்கரத்தைக் காக்க நீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று சித்திரை வீதி முதியவர் சொன்னதும் அதனால்தான். இந்த அறிவோடு மாமூலனாரின் பாட்டை மறுபடி படித்தோம். உவமை முடிந்ததும் தலைவி தலைவன் சென்ற வழியை விவரிக்கிறாள். வெயில் ஆட்சி செய்யும் சுரம். நிழல் தராத மரங்கள். சுனைகள் நீரற்று உலர்ந்துவிட்டன. பாறையில் நெல் சிந்தினால் பொரியும் அளவுக்கு வெம்மை. நெல் பொரியும் சூட்டில் அரக்கு எந்த நிலையில் இருக்கும் என்று பொதினிக்காரர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் இருக்கும்வரை பிரியாத கல்லை உவமையாகச் சொல்லி வாக்களித்தவன், நீரே இல்லாத வெம்மைக்குள் போய்விட்டான்.

தலைவனின் சொல் பொய்யன்று. அது நிலைப்பதற்கு ஒரு சூழல் வேண்டும். அந்தச் சூழலைவிட்டு அவனே வெளியேறினான். உவமையின் உள்ளேயே பிரிவின் விதை இருக்கிறது என்று நாம் படிக்கிறோம். உறுதிக்குச் சொன்ன எளிய உவமை இது, அவ்வளவே என்பாரும் இருக்கலாம், அவர்களோடு சண்டையில்லை. ஆனால் அரக்குச் சக்கரம் இளகுவதைக் கண்ணால் கண்ட ஒரு வாசகர் கூட்டத்துக்காக மாமூலனார் பாடினார் என்பதை மறந்துவிடக்கூடாது. அக்கூட்டத்துக்குப் பாட்டின் முன்பாதியும் பின்பாதியும் தாமாகவே இணைந்திருக்கும். நமக்கு இணைக்க ஒரு சாணைக்காரர் வேண்டியிருந்தது.

கைத்தொழில் ஒன்று மறையும்போது அதைச் சார்ந்த குடும்பங்களின் பிழைப்பு போகிறது. அது முதல் இழப்பு, பெரிய இழப்பு. அதற்குப் பின், எவரும் கணக்கில் எழுதாத இன்னோர் இழப்பு இருக்கிறது. அத்தொழிலைக் கண்டு எழுந்த சொற்கள் அகராதிக்குள் போய்ப் படுத்துவிடுகின்றன. பொருள் மட்டும் மிஞ்சும், பொருத்தம் போய்விடும். ஏடுகளைக் காத்த பெரியோர்க்கு நாம் நன்றி சொல்கிறோம். அந்த ஏட்டின் ஓர் அடியைத் தம் சைக்கிளில் காத்துவந்தவருக்கும் அந்த நன்றியில் பங்குண்டு.

கத்தி இப்போது நன்றாக மழிக்கிறது. தெப்பக்குளத்து முதியவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். புறங்கை மயிரில் ஒருமுறை வைத்துப் பார்த்தார். "பரவாயில்லைங்க. இன்னும் கொஞ்சம் பொறுமையா இழுக்கணும்" என்றார். அடுத்த வகுப்பில் அகநானூற்றின் முதல் பாட்டு வந்தபோது, நீர்க்கல்லையும் அரக்குத் துண்டு ஒன்றையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினோம்.